ஆட்டோ லெவல்: நிறுத்தும் முறை, சோதிக்கும் முறை, பராமரிப்பு

கோடை உழவு முடிந்ததும் வயலைச் சமப்படுத்த, வாய்க்கால் வெட்ட, பண்ணைக்குட்டைக்கு இடம் குறிக்க ஆட்டோ லெவலை வாடகைக்கு எடுக்கும் விவசாயிகள் இப்போது அதிகம். நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாக வாங்கி வைப்பதும் உண்டு. கருவி வந்ததும் நேராக வேலையில் இறங்கிவிடுகிறோம். அது காட்டும் மட்டம் உண்மையான மட்டம்தானா என்று பார்ப்பவர்கள் குறைவு. அரை மணி நேரம் ஒதுக்கினால் அதை நீங்களே சோதித்துவிடலாம்.

ஆட்டோ லெவல் என்பது ஒரு தொலைநோக்கிதான். உள்ளே மெல்லிய குறுக்குக்கோடு இருக்கும். அந்தக் கோட்டின் வழியே போகும் பார்வை, நீர்மட்டம் போலப் படுக்கையாக இருக்க வேண்டும். மேலே இருக்கும் வட்டக் குமிழியை நாம் நடுவுக்குக் கொண்டுவந்ததும், மிச்சமிருக்கும் சிறு சாய்வை உள்ளே தொங்கும் ஊசல் போன்ற அமைப்பு தானே சரிசெய்துகொள்ளும். பெயரில் 'ஆட்டோ' வந்தது இதனால்தான். ஆனால் அந்த ஊசல் சமாளிப்பது சுமார் கால் டிகிரி சாய்வைத்தான். அதற்கு மேல் சாய்ந்தால் கருவி எச்சரிக்காது, தவறான எண்ணைக் காட்டும்.

துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள், துப்பாக்கி மேல் தொலைநோக்கியைப் பொருத்தியதும் போட்டிக்கு ஓடமாட்டார்கள். முதலில் காகித இலக்கில் சுட்டு, குறுக்குக்கோடு காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றுதானா என்று பார்த்துத் திருத்துவார்கள். நம் கருவிக்கும் அதே கதைதான். கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கோடு இடம் மாறியிருந்தால் பயனில்லை.

ஸ்டாண்டை நிறுத்துவது

ஸ்டாண்டின் மூன்று கால்களையும் நன்றாக அகட்டி, கால் முனையில் இருக்கும் மிதியை உங்கள் காலால் அழுத்தி மண்ணில் இறக்குங்கள். வரப்புச் சரிவில் வைத்தால் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒரு கால் மேட்டுப் பக்கம். மாற்றி வைத்தால் கருவியோடு கவிழும். சேற்று வயலில் வைக்கவே வேண்டாம், வரப்புக்கு ஏறிவிடுங்கள். வேறு வழியில்லையென்றால் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு பலகைத் துண்டு போடுங்கள். களத்துச் சிமெண்ட் தரையில் கால்கள் வழுக்கும். கால்களைச் சுற்றிக் கயிறு கட்டினால் அகலாது.

ஸ்டாண்டின் தலைப்பகுதி கண்ணுக்குச் சமமாகத் தெரியும்வரை கால்களின் நீளத்தை மாற்றுங்கள். பிறகு கருவியை வைத்து, அடியிலிருந்து திருகை முடுக்குங்கள். கையால் முடுக்கினால் போதும், ஸ்பானர் போடக்கூடாது. கருவியைத் தொட்டால் ஆடக்கூடாது, அவ்வளவுதான். கால்களில் இருக்கும் இறுக்கும் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். வாடகைக் கருவிகளில் பெரும்பாலும் கோளாறு இங்கேதான் இருக்கும், கண்ணாடியில் அல்ல.

குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்த பின் தொலைநோக்கியை மெல்ல ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் குமிழி வட்டத்துக்குள்ளேயே நிற்க வேண்டும். அடுத்து, தொலைநோக்கியின் முன்பக்கத்தை ஒரு வெள்ளைத் தாளை நோக்கித் திருப்பி, குறுக்குக்கோடு கருப்பாக, கூர்மையாகத் தெரியும்வரை கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடி வளையத்தைத் திருகுங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் மகன் பார்த்து வைத்தது உங்கள் கண்ணுக்குச் சரிவராது. அதன் பிறகுதான் அளவுகோலைத் தெளிவாக்க வேண்டும். தலையை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கோடு எண்ணின் மேல் நகர்ந்தால் தெளிவு இன்னும் சரியாக அமையவில்லை.

ஊசல் வேலை செய்கிறதா என்று அறிய, அளவுகோலைப் பார்த்தபடியே ஸ்டாண்டு காலை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பிம்பம் ஒரு கணம் ஆடி, பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். ஆடவே இல்லை, அல்லது வேறு எண்ணில் நின்றது என்றால் ஊசல் சிக்கியிருக்கிறது. அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு முளைச் சோதனை

60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளைகளை உறுதியாக அடியுங்கள். டேப் இல்லாவிட்டாலும் தொலைவை அறியலாம். தொலைநோக்கிக்குள் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு சின்னக் கோடுகள் இருக்கும். அவை காட்டும் எண்களின் வித்தியாசத்தை 100-ஆல் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். 1.720, 1.120 என்று காட்டினால் வித்தியாசம் 0.600, தொலைவு 60 மீட்டர்.

கருவியை இரண்டு முளைக்கும் சரிநடுவில் வையுங்கள். முதல் முளையில் 1.420, இரண்டாவதில் 1.265 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது முளை 15.5 செ.மீ. மேடு. இந்தக் கணக்கு சரியாகவே இருக்கும். கருவியில் கோளாறு இருந்தாலும் இரு பக்கமும் சம தூரம் என்பதால் தவறும் சமமாகி, கழிக்கும்போது மறைந்துவிடும்.

இனி கருவியை முதல் முளைக்கு வெளிப்பக்கம், 3 மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் முளையில் 1.510 வந்தால், இரண்டாவதில் 1.355 வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் மாறினால் கவலையில்லை. 1.395 வந்தால்? 60 மீட்டருக்கு 4 செ.மீ. பொய் சொல்கிறது. கருவி எங்கோ கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த 4 செ.மீ. என்ன செய்யும் என்று பாருங்கள். கருவியை ஓர் ஓரத்தில் வைத்து 60 மீட்டர் நீளமுள்ள ஒரு ஏக்கர் வயலை அளக்கிறீர்கள். வயல் உண்மையில் சமமாகவே இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கம் 4 செ.மீ. பள்ளம் என்று கருவி காட்டும். அதை நம்பி மண்ணைத் தள்ளினால் சுமார் 20 கன மீட்டர், அதாவது 7 யூனிட் மண், வீணாக இடம் மாறும். டீசல் செலவு ஒருபுறம். நெல் நட்டுத் தண்ணீர் கட்டினால் மடைப் பக்கம் 5 செ.மீ. நிற்கும்போது கடைசியில் 1 செ.மீ.தான் நிற்கும். களை அங்கேதான் முதலில் கிளம்பும். வாய்க்கால் என்றால் நிலைமை இன்னும் மோசம். 60 மீட்டருக்கு 6 செ.மீ. வாட்டம் வைத்ததாக நினைப்பீர்கள். உண்மையில் இருப்பது 2 செ.மீ.

கோளாறு தெரிந்த பிறகும் வேலை நிற்க வேண்டியதில்லை. கருவியை எப்போதும் இரு புள்ளிகளுக்கும் சம தூரத்தில் வைத்து அளந்தால் பொய் கழிந்துவிடும். நல்ல கருவியோடும் இப்படியே பழகுவது நல்லது. குறுக்குக்கோட்டைத் திருத்தும் சிறு திருகு, கண் வைக்கும் பக்கத்தில் மூடிக்குள் இருக்கும். அதை நீங்கள் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. சர்வீஸ் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதே இரண்டு முளையில் மறுபடி சோதியுங்கள்.

அளவுகோல் பிடிப்பவருக்கு

அடியில் ஒட்டிய சேற்றைத் துடைத்துவிட்டு வையுங்கள். இழுத்து நீட்டும் கோலில் ஒவ்வொரு இணைப்பிலும் 'டிக்' என்று பூட்டு விழ வேண்டும். கோலை மெல்ல முன்னும் பின்னும் சாய்க்கச் சொல்லி, வரும் எண்களில் மிகக் குறைந்ததை எழுதுங்கள். அதுதான் கோல் செங்குத்தாக நிற்கும் நேரம். உச்சி வெயிலில் தரைக்கு அருகே பிம்பம் நெளியும். காலையிலேயே அளந்து முடியுங்கள்.

மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். 5 மீட்டர் அலுமினியக் கோல் தாழ்ந்து தொங்கும் கம்பியைத் தொட்டால் உயிர் போய்விடும். கம்பிக்கு அடியில் கோலை நீட்டவே கூடாது. கோலைச் சுருக்கி, படுக்கையாகத் தூக்கிக்கொண்டு கடந்து போங்கள்.

பராமரிப்பு

லென்ஸில் படியும் வயல் தூசியில் மணல் துகள் இருக்கும். துண்டாலோ வேட்டி நுனியாலோ துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, பிறகுதான் மூக்குக்கண்ணாடி துடைக்கும் மென்துணியால் துடைக்க வேண்டும். எந்தத் திருகுக்கும் எண்ணெய் வேண்டாம். எண்ணெயும் தூசியும் சேர்ந்து அரைத்துவிடும். சூரியனை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பிக் கண் வைத்தால் பார்வையே போய்விடும். பிள்ளைகள் கையில் தனியாக விடாதீர்கள்.

ஸ்டாண்டோடு சேர்த்துத் தோளில் சாய்த்துத் தூக்குவதும், டிராக்டர் மட்கார்டில் வைத்து ஓட்டுவதும் ஊசலைக் கெடுக்கும். கழற்றிப் பெட்டியில் வைத்து, வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு போங்கள். மழையில் நனைந்தால் அப்படியே பெட்டியில் பூட்டாதீர்கள். வெளியே ஒரு இரவு காற்றாட உலர்த்துங்கள். ஈரத்தோடு மூடினால் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை போலப் படரும், அதை எடுப்பது பெரிய செலவு. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை போட்டு வையுங்கள். உர மூட்டை, பூச்சிமருந்து அடுக்கிய அறையில் வைக்காதீர்கள்.

கடைசியாகச் சோதித்த தேதியையும் வந்த வித்தியாசத்தையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்து வாங்கிப் போகிறவருக்கு அது உதவும்.