மேயர் சத்தியமூர்த்தியும் பூண்டி நீர்த்தேக்கமும்

பங்காருபேட்டையிலும் கோலார் தங்கவயலிலும் வாழும் தமிழருக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மண்ணுக்கடியில் பொன் கிடைத்த அந்நகருக்குக் குடிநீர், பேத்தமங்கலத்தில் தேக்கிய பாலாற்று நீரிலிருந்தே வரவேண்டியிருந்தது. பங்காருபேட்டை வழியாகச் செல்லும் இருப்புப் பாதையின் கீழ்க்கோடியில் உள்ள சென்னை மாநகரமும் ஒரு காலத்தில் அவ்வாறே நீருக்கு ஏங்கி நின்றது. அக்குறையைத் தீர்க்க முற்பட்டவர் பொறியியல் கற்றவர் அல்லர், ஒரு வக்கீல். அவரே தீரர் சத்தியமூர்த்தி.

1887இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தவர் அவர். சென்னையில் சட்டம் பயின்று, எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பழகினார். ஆயினும் அவருடைய வாதத்திறனால் பெரும்பயன் பெற்றது நீதிமன்றமன்று, சட்டசபையே. சட்டசபைகளைப் புறக்கணிப்பதே தேசபக்தி என்று காங்கிரஸில் ஒரு சாரார் கருதிய காலத்தில், உள்ளே நுழைந்து போராடுவதே தக்கது என்ற சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து, 1923இல் சென்னைச் சட்டசபையின் அங்கத்தினரானார். 1935 முதல் டில்லி மத்திய சட்டசபையில் அவர் தொடுத்த கேள்விகளுக்கு விடை கூற அரசாங்கத்தார் திணறினர். 1937 தேர்தலில் தாம் நிற்கவிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். மாகாணத்தில் பதவி ஏதும் அவரை வந்தடையவில்லை.

1939இல் கிட்டியது மேயர் பதவி. அதுவோ ஓராண்டுப் பதவி. நிர்வாக அதிகாரம் முழுவதும் கமிஷனர் கையில். அலங்காரப் பதவி என்றே பலரும் எண்ணியிருப்பர். போதாக்குறைக்கு, யுத்தத்தை முன்னிட்டுக் காங்கிரஸ் மந்திரிசபைகள் அந்த அக்டோபரில்தான் இராஜினாமாச் செய்திருந்தன. சென்னையில் கவர்னரின் நேரடி ஆட்சி. 1931இல் 6 லட்சத்து 47 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை, 1941இல் 7 லட்சத்து 77 ஆயிரமாயிற்று. செங்குன்றம் ஏரியை நம்பி எத்தனை நாள் காலந்தள்ளுவது? திருவள்ளூருக்கு அருகே பூண்டியில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே அணை எழுப்பி, எண்ணூர்ப் பக்கம் கடலில் வீணே கலக்கும் வெள்ளத்தைத் தேக்குவது என்பது திட்டம். இதற்கு இசைவு பெற வேண்டியது, எந்த அரசை அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்தாரோ அந்த அரசிடமே! கட்சியினர் பதவி துறந்த வேளையில் கவர்னரோடு ஒத்துழைப்பதா என்று கேட்க இடமிருந்தது. சத்தியமூர்த்தியோ, குடிநீருக்காக அந்நிய ஆட்சியிடம் வாதாடுவதை இழுக்கென்று கொள்ளவில்லை. சட்டசபைப் பிரவேசத்துக்கு அவர் கூறிய நியாயமும் இதுதானே! 1940இல் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் ஆட்சியிலேயே அணைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது.

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் அதே ஆட்சி அவரைச் சிறைப்படுத்தியது. நெடுந்தொலைவுப் பயணத்தில் முதுகெலும்பில் காயமுற்று நோயாளியானார். 1943 மார்ச் 28ஆம் நாள் உயிர்நீத்தார். பூண்டி அணை 1944இல்தான் பணி முடிந்து திறக்கப்பெற்றது. பின்னாளில் அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயரிட்டனர். 1996இல் கிருஷ்ணா நதிநீர் சென்னைக்காகத் தமிழ்நாட்டுக்குள் வந்தபோது, அதை ஏற்றுக்கொண்டதும் அந்நீர்த்தேக்கமே.