கதவில்லாத வீட்டுக்குக் கதவு வந்த கதை

விக்கிப்பீடியா பிறந்ததே ஒரு தேக்கத்தை உடைக்கத்தான். 2000-இல் தொடங்கிய நூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில், ஒரு கட்டுரை வெளிவர ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டும். முதல் ஆண்டில் தேறியவை சுமார் இருபதுதான். அதனால் 2001 ஜனவரியில் யாரும் எழுதலாம் என்று விக்கிப்பீடியா திறக்கப்பட்டது.

கதவு திரும்பி வந்தது 2005-இல். ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப் போட்ட பொய், மாதக்கணக்கில் அங்கே கிடந்தது தெரியவந்தது. அந்த டிசம்பரில், கணக்கு இல்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்குவது தடுக்கப்பட்டது. அவர்கள் வரைவு கொடுக்க வேண்டும். தன்னார்வலர்கள் பார்த்து ஏற்பார்கள். 2018 முதல், கணக்கு திறந்து நான்கு நாளும் பத்துத் திருத்தமும் ஆகாதவர்களுக்கும் இதே வழிதான்.

பொய்யைத் தடுக்கக் கதவு தேவை. ஆனால் வரைவுகள் குவிந்தால் என்ன நடக்கும்? திருப்பி அனுப்ப ஒரு நிமிடம் போதும். ஆதாரம் தேடித் திருத்தி ஏற்க ஒரு மாலை வேண்டும். அலுத்த கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு மாதம் யாரும் தொடாத வரைவை நீக்கிவிடலாம் என்ற விதியும் இருக்கிறது.

கனடாவில் பணியாற்றும் இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்ட் பற்றிய வரைவு, போதிய ஆதாரம் இல்லை என்று 2018 மே மாதம் திருப்பப்பட்டது. அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவித்த பிறகுதான் கட்டுரை வந்தது. அவரோடு பரிசைப் பகிர்ந்த ஜெரார் மூருவுக்கு முன்பே கட்டுரை இருந்தது.

பார்த்தவர் விதிப்படிதான் நடந்தார். சிக்கல் அங்கேதான். சுதந்திரமான ஏடுகள் எழுதியிருக்க வேண்டும் என்கிறது விதி. ஏடுகள் யாரை எழுதின, யாரை விட்டன? நம் ஊர்த் தலைவர்கள் எத்தனை பேருக்குச் செய்தித்தாள் வெட்டு இருக்கிறது? ஏட்டில் விடுபட்டவர் வரிசையிலும் விழுகிறார்.

தேக்கத்தைக் குறைக்க அங்கே அவ்வப்போது இயக்கம் நடத்துகிறார்கள். பார்த்த வரைவுக்குப் புள்ளி உண்டு; ஒருவர் முடிவை இன்னொருவர் மறுபரிசீலனை செய்வதும் உண்டு. இந்த இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனுக்களோடு அலுவலக வாசலில் நிற்பது என் வேலை. எத்தனை மனு முடிந்தது என்ற கணக்கு எல்லா இடத்திலும் இருக்கும். திருப்பியது சரியா என்று யார் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.