காட்பரிக் குன்றின் தூண்குழிகள்

சில ஆண்டுகட்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, எங்கள் தெருவுக்கு வரலாறு உண்டா?" என வினவினான். அரசர் பெயர்களையும் போர் ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதிக் கொண்டிருந்த நமக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் நாம் படித்தறிந்த ஒரு குன்றின் வரலாறு அவ்வினாவிற்கு ஒருவாறு விடையளித்தது. அதனையே இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே சாமர்செட் பகுதியில் காட்பரிக் கோட்டை என்னும் குன்று உள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 500 அடி உயரம். உச்சியின் பரப்பு 18 ஏக்கர். மண்ணாலான நான்கு அரண்களும் அவற்றினிடையே அகழிகளும் அதனைச் சூழ்ந்துள்ளன. 1542இல் ஜான் லேலண்டு என்னும் அறிஞர், ஆர்தர் மன்னன் வாழ்ந்த கேமலாட் இதுவே என எழுதி வைத்தார். அன்றுதொட்டு அக்குன்று ஒரு மன்னனின் உடைமையாகவே பேசப்பட்டு வந்தது.

1950களில் உச்சியை உழுதபோது பானை ஓடுகள் வெளிப்பட்டன. அவற்றின் சிறப்பை உணர்ந்த அறிஞர்கள் 1965இல் ஆய்வுக்குழு ஒன்றை அமைத்தனர். அதன் தலைவர் மார்ட்டிமர் வீலர். 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்த அதே வீலர்தாம். 1966 முதல் 1970 வரை லெஸ்லி ஆல்காக் என்பார் அகழ்வாய்வை நடத்தினார். செய்தித்தாள்கள் ஆர்தரைத் தேடின. மண்ணோ வேறொன்றைக் காட்டியது.

கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டிலேயே உழவர் இங்கு வந்து குழி தோண்டியுள்ளனர். இரும்புக் காலத்தில் பெருந்திரளான மக்கள் குடியேறி, வட்ட வடிவ வீடுகளும் தானியக் குழிகளும் அமைத்து, அகழி வெட்டிய மண்ணையும் கல்லையும் சுமந்து அரண் எழுப்பினர். ஒருவர் பெயரும் எஞ்சவில்லை. உரோமர் காலத்தில் தென்மேற்கு வாயில் எரிந்தது. அவ்விடத்தில் ஆண், பெண், குழந்தைகளின் சிதைந்த எலும்புகள் கிடந்தன. அவர்களைக் கொன்றவர் உரோமரே என ஆல்காக் கருதினார். அஃது ஒரே நாளில் நிகழ்ந்ததா என்பதில் பிற்கால ஆய்வாளர் மாறுபடுவர்.

உரோமர் ஆட்சி நீங்கிய பின், ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, உள்அரண் மீண்டும் கட்டப்பட்டது. மரச்சட்டங்களைப் பிணைத்துக் கல் அடுக்கிய அவ்வரணின் சுற்றளவு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். உச்சியில் 63 அடி நீளமும் 34 அடி அகலமும் கொண்ட மண்டபம் ஒன்று இருந்தது. மத்தியதரைக் கடற்பகுதிச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அரிக்கமேட்டிலும் அக்கடற்பகுதிச் சாடிகள் கிடைத்தன எனினும் அவை சில நூற்றாண்டுகள் முந்தியவை. இறுதியாக, 1010ஐ ஒட்டி எதல்ரெட் மன்னன் கல்மதிலும் நாணயச் சாலையும் அமைத்தான். பத்தாண்டுகளுக்குள் அந்நகரும் கைவிடப்பட்டது. தேவாலயம் ஒன்றிற்கென வெட்டிய அடித்தளம் வெட்டியபடியே நின்றுவிட்டது.

ஆர்தரின் பெயர் தாங்கிய பொருள் ஒன்றேனும் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் ஆர்வத்தோடு அவனைப் பேசிய ஆல்காக்கே பின்னாளில் அக்கருத்தினின்று விலகினார். அறிஞர்க்கு இஃது இழிவன்று, அழகேயாம்.

அம்மண்டபம் எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதே நம்மை மிகவும் கவர்ந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை, மரத்தூண்களும் மட்கிப் போயின. தூண் நடுவதற்குப் பாறையில் வெட்டிய குழிகள் மட்டும் எஞ்சின. குழியில் நிறைந்த மண் சுற்றியுள்ள தரையினின்று நிறத்தால் வேறுபடும். அவ்வாறான குழிகளை வரிசைப்படுத்தியே மண்டபத்தின் நீள அகலங்களைக் கண்டனர். அரசனது மண்டபமாயினும் உழவனது குடிசையாயினும் மண்ணில் விடும் தடம் ஒன்றே. ஓலைக் குடிசைகளில் வாழ்ந்த நம் முன்னோர் ஒன்றையும் விட்டுச் செல்லவில்லை என நாமே சொல்லி வந்தோமே!

அடுத்த மழைக்குப்பின் அம்மாணவனைப் பள்ளியின் பின்புறம் அழைத்துச் சென்றோம். முன்பு அங்கிருந்த கீற்றுக் கொட்டகையைப் பிரித்துப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மேல்மண்ணைச் சற்றே செதுக்கிக் காட்டினோம். செம்மண்ணில் கறுத்த வட்டம் ஒன்று தெரிந்தது. அவன் நம்மிடமிருந்து கொத்தை வாங்கி, அடுத்த கால் நட்ட இடத்தைத் தேடத் தொடங்கினான்.