பரிசல் மீன்பிடிப்பு

பரிசல் மீன்பிடிப்பு என்பது மூங்கில் பிளாச்சுகளால் கூடைபோலப் பின்னப்பட்ட வட்ட வடிவக் கலத்தில் அமர்ந்து, ஆறு, ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றில் மீன் பிடிக்கும் முறை ஆகும். காவிரி, பவானி, துங்கபத்திரை ஆகிய ஆறுகளிலும் தென்னிந்திய நீர்த்தேக்கங்கள் பலவற்றிலும் இது வழக்கில் உள்ளது. பரிசல் குறைந்த முதலில் கிடைப்பது, ஒருவரே சுமந்து செல்லக்கூடியது, கிழிந்தால் கரையிலேயே ஒட்டுப்போட்டுக்கொள்ளத்தக்கது. இக்காரணங்களால் சிறுமுதல் மீனவர்களின் கலமாக இது விளங்குகிறது. எனினும் தமிழ்நாட்டில் இத்தொழிலைப் புதிதாகத் தொடங்குபவருக்குப் பெரிய தடை கலத்தின் விலையன்று. நீரில் வலை போடும் உரிமையைப் பெறுவதே ஆகும்.

கயாக்கும் பரிசலும்

மேலை நாடுகளில் கயாக் என்னும் ஒடுங்கிய சிறுபடகில் தனியாகச் சென்று தூண்டிலிடுவது பரவலான பொழுதுபோக்காகும். கயாக் முதலில் வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்களின் வேட்டைப் படகாக இருந்தது. மரம் அல்லது எலும்பினால் ஆன சட்டத்தின் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி அதனைச் செய்தனர். 1970களில் அமெரிக்காவில் வார்ப்பு நெகிழியால் கயாக்குகள் செய்யப்படத் தொடங்கிய பின்னரே அது பொதுமக்களிடம் பரவியது. இந்தியாவில் அத்தகைய படகு ஒன்றுக்குப் பல பத்தாயிரம் ரூபாய் செலவாகும்.

பரிசலும் சட்டத்தின் மேல் தோல் போர்த்திய கலமே. ஓர் ஆள், ஒரு துடுப்பு, தலையில் கவிழ்த்துச் சுமக்கத்தக்க ஓடு என்ற அளவில் இரண்டும் ஒத்தவை. வேறுபாடு வடிவத்தில் உள்ளது. கயாக் நீளமாதலால் விரைந்து நேராகச் செல்லும். ஆனால் பழகாதவரை எளிதில் கவிழ்த்துவிடும். பரிசல் வட்டமாதலால் மெதுவாகச் செல்லும், சுழலும். ஆனால் அதன் தட்டையான அகன்ற அடி, வலையை இழுக்கும்போது உறுதியாகத் தாங்கும். அதிக ஆழமும் வேண்டுவதில்லை. வலைத்தொழிலுக்குக் கயாக்கைவிடப் பரிசலே ஏற்றது எனலாம்.

வரலாறு

1520 அளவில் விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கேயப் பயணி தொமிங்கோ பாயசு, துங்கபத்திரையைக் கடக்கப் பயன்பட்ட வட்டக் கலங்களை விவரித்துள்ளார். உள்ளே பிரம்பும் வெளியே தோலும் கொண்டு கூடைபோல அமைந்த அவை பதினைந்து இருபது பேரை ஏற்றின என்றும், நேராகச் செல்லாமல் எப்போதும் சுழன்றன என்றும் அவர் எழுதுகிறார். இன்று பரிசலில் ஏறுவோரும் இதையே முதலில் கவனிப்பர்.

தெலுங்கில் இக்கலம் புட்டி எனவும் கன்னடத்தில் ஹரிகோலு எனவும் அழைக்கப்படுகிறது. ஈராக்கின் குஃபா, வேல்சு நாட்டின் கோரக்கிள் ஆகியவை இதனையொத்த கலங்கள். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த சேம்சு ஆர்னெல், தென்னிந்தியப் பரிசல்களையும் பிரித்தானியக் கோரக்கிள்களையும் ஆராய்ந்து எழுதியுள்ளார்.

பாலங்கள் வந்ததும் பரிசல்துறைகள் பல மறைந்தன. ஆனால் பெரிய அணைகள் கட்டப்பட்டதால் பரிசலுக்குப் புதிய தேவை உண்டாயிற்று. 1934ல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் 1955ல் நிறைவுற்ற பவானிசாகர் அணையும் பரந்த நீர்ப்பரப்பை உருவாக்கின. அங்கு உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் சென்று வலை போடுகின்றனர். அவர்களிற் பலர் கரையோரத்தில் குடில் அமைத்துத் தங்கித் தொழில் செய்பவர்கள்.

அமைப்பும் செலவும்

மீன்பிடிப் பரிசல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் விட்டம் கொண்டது. முற்றிய மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி அடித்தட்டு பின்னப்படுகிறது. பின்னர் நுனிகளை மேல்நோக்கி வளைத்துப் பக்கச் சுவரை முடைவர். விளிம்பில் பிளாச்சுகளைக் கட்டாகச் சேர்த்து இறுக்கிக் கட்டுவர். முழு எடையையும் விளிம்பே இழுத்துப் பிடிப்பதால், பழைய பரிசலை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே. மேலுறையை மாற்றிக்கொள்ளலாம், விளிம்பு உளுத்த பரிசலைக் காப்பாற்ற இயலாது.

முற்காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்தினர். ஈரத்திலேயே கிடந்தால் தோல் அழுகிவிடும் என்பதால், வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்து உலர்த்துவது வழக்கமாயிற்று. தற்போது தார்ப்பாய், நெகிழித் தாள், உரச்சாக்கு ஆகியவற்றைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். தார் வெடித்த இடத்தில் மீண்டும் பூசினால் போதும். இதற்குத் தனித்திறன் வேண்டியதில்லை. கண்ணாடி இழைப் பரிசல்களும் பரவி வருகின்றன. இவை பல ஆண்டு உழைப்பவை. ஆனால் விலையும் எடையும் கூடியவை. உடைந்தால் பிசினும் இழைத்துணியும் வாங்கிச் சரிசெய்ய வேண்டும். குறைந்த முதலுடன் தொடங்குபவருக்கு மூங்கில் பரிசலே பொருத்தமானது.

பரிசலுக்கும் முதலில்லாதவர்கள் காற்றடைத்த லாரி டியூபு, தெர்மாகோல் பலகை, வாழைத்தண்டுத் தெப்பம் முதலியவற்றில் மிதந்து வலை போடுவதுண்டு. இவை ஏறக்குறைய செலவற்றவை. ஆனால் டியூபில் முள்ளோ தூண்டில் கொக்கியோ குத்தினால் காற்று இறங்கிவிடும். பரிசலில் ஒரு கிழிசல் விழுந்தால் நீர் மெல்லக் கசியும், இறைத்துக்கொண்டே கரை சேரலாம்.

துடுப்பு போடுதல்

படகில் பக்கவாட்டில் துடுப்பை வலிப்பதுபோல் பரிசலில் வலித்தால் அது நின்ற இடத்திலேயே சுழலும். ஆகையால் பரிசலோட்டி செல்லும் திசையை நோக்கி முன்விளிம்பில் அமர்ந்து, துடுப்பை முன்னே நீட்டி, நீரைத் தன்னை நோக்கி வளைத்து இழுக்கிறார். இடமும் வலமுமாக நெளிந்து செல்லும் இவ்விழுப்பில் கலம் முன்னேறும். தேங்கிய நீரில், கரையோரமாக, காற்றில்லாத காலை வேளையில் பழகுவது எளிது. ஓடும் ஆற்றில் பழகத் தொடங்குவது தவறு.

பொதுவாக இருவர் சேர்ந்து செல்வர். ஒருவர் துடுப்பு போட மற்றவர் வலையை விடுவார். ஆட்கூலி கொடுக்க இயலாத குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதுண்டு.

வலையும் தூண்டிலும்

நீர்த்தேக்கங்களில் பெரிதும் பயன்படுவது செவுள் வலை. மீன் வலைக்கண்ணில் தலையை நுழைத்து, செவுள் மாட்டிக்கொண்டு பின்வாங்க இயலாமல் அகப்படுகிறது. பெருங்கெண்டைகளைப் பிடிக்க, அடிக்கயிறு இல்லாமல் தொங்கும் ரங்கூன் வலை பயன்படுகிறது. மாலையில் வலையை விட்டு விடியலில் எடுப்பது முறை. மிதவைக்கு வெற்று நெகிழிப் புட்டியும் தெர்மாகோல் துண்டும் போதும். நங்கூரத்துக்கு ஒரு கல்லைச் சாக்கில் கட்டிக்கொள்ளலாம்.

பணத்தை எண்ணிச் செலவிட வேண்டிய இடம் வலைக்கண்ணின் அளவு ஆகும். சிறுகண் வலையில் முதல் நாளே மீன் விழும் என்பதால் புதியவர்கள் அதை நாடுகின்றனர். ஆனால் அதில் விழுவன வளராத குஞ்சுகள். அவை விலை போகா. அடுத்த ஆண்டின் மீனும் இல்லாமற் போகும். நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய குஞ்சுகளை மீன்துறை இருப்பு வைப்பதால் இது எல்லா மீனவருக்கும் இழப்பாகிறது.

விரால், கெளுத்தி முதலியவற்றுக்குத் தூண்டில் ஏற்றது. 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, தமிழ்நாட்டில் சிலேபிக் கெண்டை எனப்படுகிறது. மண்புழு இரைக்கே கடிக்கும் இம்மீன், தூண்டில் பழகுபவருக்கு எளிதாகக் கிடைக்கும்.

மீன்பிடி உரிமை

பெரும்பாலான ஏரிகளும் நீர்த்தேக்கங்களும் அரசின் அல்லது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் உள்ளன. ஏரிகளின் மீன் மகசூலைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஏலத்தில் விடுவது மீன்பாசி குத்தகை எனப்படும். குத்தகை ஒருவருக்குப் போனபின் அந்த ஏரியில் மற்றவர் வலை போட முடியாது. நீர்த்தேக்கங்களில் உரிமம், கூட்டுறவுச் சங்கம், குத்தகை என முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. எனவே பரிசல் வாங்கும் முன்னர் உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்திலும் விசாரிப்பது இன்றியமையாதது. ஒரு பரிசலின் விலையைச் சில மாத உழைப்பில் ஈட்டிவிடலாம். குத்தகைத் தொகை அத்தகையதன்று. தனி மீனவரால் ஏலத்தில் போட்டியிட இயலாமல், குத்தகைதாரரிடம் கூலிக்கு வலை போடும் நிலை ஏற்படுவது இதனாலேயே.

வேல்சு நாட்டில் தைவி, தோவி முதலிய ஆறுகளில் இரு கோரக்கிள்கள் தமக்கிடையே வலையைப் பிடித்தவாறு மிதந்து சென்று மீன் பிடிப்பதுண்டு. அங்கும் உரிமங்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. மீனவர்கள் 2007ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மீனவர் நல வாரியத்தில் உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

திருத்தணிப் பகுதி

ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த பகுதியாகும். ஆடிக் கிருத்திகையில் முருகன் கோயிலின் சரவணப் பொய்கையில் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது. ஊரையொட்டிச் செல்லும் நந்தியாறு கொசத்தலை ஆற்றின் துணையாறு. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். சுற்றுவட்டார ஏரிகள் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றுவன. ஆழம் குறைந்த ஏரியில் நீரில் இறங்கியே வலை வீசலாம். பரிசல் வாங்கினால் ஆண்டில் பாதி நாள் அது கரையில் கவிழ்ந்து கிடக்கும்.

கலம் தேவைப்படும் அளவுக்குப் பரந்த அண்மை நீர்நிலை, திருத்தணிக்குக் கிழக்கே கொசத்தலை ஆற்றின் குறுக்கே 1944ல் நிறைவுற்ற பூண்டி நீர்த்தேக்கம் ஆகும். சத்தியமூர்த்தி சாகர் எனவும் வழங்கும் இதன் முழு உயரம் 35 அடி. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் வழங்குவதால் இங்கு நீர்மட்டம் மழையை மட்டுமன்றி நகரின் தேவையையும் கிருட்டிணா நீர் வரத்தையும் பொறுத்து மாறும்.

பாதுகாப்பு

செலவைக் குறைக்கக் கூடாத ஒரே பொருள் உயிர்காப்பு உடை. பரிசல் எளிதில் கவிழாது என்ற நம்பிக்கையே விபத்துக்குக் காரணமாகிறது. வலை ஒரு பக்கம் இழுக்க இருவரும் அதே விளிம்பில் சாய்ந்தால் நீர் உள்ளே புகும். வலையோடு நீரில் விழுபவருக்கு நீச்சல் தெரிந்திருந்தும் பயனில்லை. நைலான் கண்ணியில் கை கால் சிக்கிக்கொள்ளும். ஆகையால் இடுப்பில் ஒரு கத்தி வைத்துக்கொள்வது நல்லது.

அணை திறக்கப்படும் நாட்களில் மதகுக்கு அருகிலும் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் செல்லலாகாது. ஒகேனக்கல்லில் காவிரியின் நீர்வரத்து கூடும்போது மாவட்ட நிருவாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது. ஒகேனக்கல், அமராவதி அணை ஆகிய இடங்களில் முதலைகளும் உள்ளன. இடியும் காற்றும் எழும் அறிகுறி தென்பட்டால் வலையை விட்டுவிட்டுக் கரைசேர்வது வழக்கம். மிதவை இருப்பதால் வலையை மறுநாள் தேடிக்கொள்ளலாம்.