பிளேக் காலத்தில் பதினைந்து மாணாக்கர்

1896-ஆம் ஆண்டு பம்பாய்த் துறைமுக நகரில் தலைகாட்டிய பிளேக் நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் நம் நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சென்றது. நோயினும் விரைந்து பரவியது அச்சம். அந்த அச்சத்திலும் பெரும்பகுதி நோயைக் குறித்தது அன்று. நோயைத் தடுக்க வந்தவர்களைக் குறித்தது.

புனாவில் நிகழ்ந்ததை நேயர்கள் அறிந்திருப்பார்கள். 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் நோயாளிகளைத் தேடி வீடுதோறும் புகுந்தனர். அடுக்களையும் பூஜை அறையும் தப்பவில்லை. அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் இரவில் பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். நோயாளியைப் பிரித்து வைக்க வேண்டும், வீட்டைத் தூய்மை செய்ய வேண்டும் என்ற விதிகளில் குற்றம் காண்பது அரிது. அவை துப்பாக்கியுடன் வாயிலில் வந்து நின்றதே குற்றம். (அதே சட்டத்தைத்தான் 2020-லும் நாம் கொரோனாவுக்கு எடுத்தாண்டோம்.)

1898-இல் கல்கத்தாவின் முறை வந்தது. கட்டாயமாக ஊசி போடப் போகிறார்கள் என்ற வதந்தி எழுந்தது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரை விட்டு ஓடினர். அவ்வமயம் டார்ஜிலிங்கிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஓர் அறிக்கை எழுதினார். வதந்தியை நம்ப வேண்டா, வீட்டையும் சாக்கடையையும் தூய்மையாக வைத்திருங்கள், பழைய உணவை உண்ணாதீர்கள் என்பன போன்ற எளிய சொற்களே அதில் இருந்தன. அது வங்காளியிலும் இந்தியிலும் வெளிவந்தது. அரசாங்க ஆணைகளை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்செய்தி பெரிதாகப் படுகிறது. வேற்று மாநிலத்தில் குடியேறி, புரியாத எழுத்தில் ஒட்டிய சுவரொட்டியின் முன் நின்றவர்களுக்கும் இதன் அருமை தெரியும்.

1899-இல் நோய் மீண்டும் வந்தது. மார்ச்சு இறுதியில் இராமகிருஷ்ண மிஷன் தொண்டு தொடங்கிற்று. சுவாமி சதானந்தர் துப்புரவுப் பணியை முன்னின்று நடத்தினார். செயலாளராக இருந்தவர், பிற்காலத்தில் நம் பாரதியார் குருவாகப் போற்றிய நிவேதிதா தேவி. பாக்பஜார்க் குடிசை ஒன்றில் அவரைக் கண்டதை டாக்டர் ராதா கோவிந்த கர் எழுதி வைத்திருக்கிறார். தாயை இழந்த நோயாளிக் குழந்தையை மடியில் கிடத்தி அவர் அமர்ந்திருந்தாராம். குடிசைக்கு வெள்ளையடிக்க வேண்டியபோது ஏணி வைத்துத் தாமே அடித்தாராம். குழந்தை பிழைக்கவில்லை.

ஒரு நாள் ஆள் கிடைக்காமையால் அவரே துடைப்பத்தை எடுத்துத் தெருவைக் கூட்டத் தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த அவ்வட்டார இளைஞர்கள் வெட்கிப்போய்த் தாங்களும் கூட்ட முன்வந்தனர்.

ஏப்ரல் மாதம் கிளாசிக் நாடக அரங்கில் மாணாக்கர்களுக்கென ஒரு கூட்டம் நடந்தது. விவேகானந்தர் தலைமை வகித்தார்; பிளேக்கும் மாணாக்கர் கடமையும் என்பது நிவேதிதா தேவியின் பேச்சுக்குப் பொருள். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆயினும் அக்காலத்துக் கல்லூரி மாணாக்கன் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஷேக்ஸ்பியரை ஒப்பிப்பான், சேரிச் சாக்கடையருகே நிற்பதற்குக் குலமும் இடங்கொடாது, படிப்பும் இடங்கொடாது. விதிக்கு அடங்கி வீட்டுக்குள் இருந்துவிடுவது அவனுக்கு எளிது. அவ்விதியைக் குடிசை வாயிலில் நின்று விளக்கிச் சொல்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டியிருந்தது.

பதினைந்து பேர் பெயர் கொடுத்தனர். அத்துணைப் பெரிய நகரத்தில் பதினைந்து! குறைவுதான், அதை மறைப்பதற்கில்லை. எலித் தெள்ளே நோயைக் கொண்டு செல்கிறது என்று 1898-இல் கராச்சியில் சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டிருந்தும் உலகம் அதை அப்போது ஏற்கவில்லை. ஆதலால், குப்பையை அகற்றினால் எலி குறையும், எலி குறைந்தால் நோய் குறையும் என்ற காரணங்கூட அந்த இளைஞர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திராது. அவர்கள் பாக்பஜார்க் குடிசைகளுக்குள் நுழைந்து பார்த்தனர். துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்தனர். படிக்கத் தெரியாதவர்களுக்கு எடுத்துரைத்தனர். ஞாயிறுதோறும் ஒன்றுகூடி, எந்தக் குடிசையில் என்ன கண்டனர் என்பதை நிவேதிதா தேவியிடம் தெரிவித்து, மறுவார வேலையைக் கேட்டுச் சென்றனர்.