எல்லை காத்த சிற்றூர்

இங்கிலாந்து நாட்டின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. கோட்டையோ போர்க்களமோ இல்லாத அவ்வூர் வரலாற்றில் இடம்பெற்ற காரணத்தை நாம் அறிதல் நன்று.

1665ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோயும் வந்தது என்பர். மறு ஆண்டுக் கோடையில் நோய் முற்றியது. பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், முன்னர் அப்பணியிலிருந்து விலக்கப்பட்ட தாமஸ் ஸ்டான்லியும் சமய வேற்றுமையை மறந்து ஒன்றுபட்டனர். அயலூர்களுக்கு நோய் பரவாதிருக்க, எவரும் எல்லை கடத்தல் கூடாதென வேண்டினர். வசதி படைத்தோர் சிலர் முன்னரே அகன்றிருந்தனர், எஞ்சியோர் இசைந்தனர்.

அண்டை ஊரார் எல்லையில் உணவு வைத்துச் சென்றனர். எல்லைக்கல்லின் குழிகளில் காடி ஊற்றி, அதில் காசை இட்டு விலை கொடுத்தனர் ஊரார். தேவாலயம் மூடப்பட, வழிபாடு திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் நடைபெற்றது. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், எட்டே நாள்களில் கணவரையும் ஆறு மக்களையும் தம் கையாலேயே புதைத்தார். மாம்பெசனின் மனைவி கேத்தரினும் மாண்டார். ஏறத்தாழ 260 பேர் மடிந்தனர்.

தேவாலய முற்றத்தில் ஆங்கிலோ சாக்சன் காலத்துக் கற்சிலுவையும் கேத்தரின் கல்லறையும் இன்றும் நிற்கின்றன. ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று ஊரார் அப்பள்ளத்தாக்கில் கூடி மாண்டோரை நினைந்து வழிபடுகின்றனர். கிணறுகளை மலரிதழ்களால் அணிசெய்யும் வழக்கமும் அவ்வூரில் உண்டு.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் நாமும் கதவடைத்திருந்தோம். நம்மைக் காத்துக்கொள்வதே நம் முதற்கவலையாக இருந்தது. ஈம் ஊரார் அயலாரைக் காக்கவே அடைபட்டிருந்தனர்.