தீவகத்திற் கையெழுத்துச் சஞ்சிகையும் கைச்சிற்றேடும்: அச்சகத்துக்கு வெளியே ஒரு வெளியீட்டு மரபு

ஈழத்துத் தமிழ்ப் பத்திரிகைத்துறையின் வரலாறு பெரும்பாலும் அச்சியந்திரத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1841இல் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய 'உதயதாரகை', 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடம், இருபதாம் நூற்றாண்டின் நாளிதழ்கள், வார இதழ்கள் என்று அது நிரல்படக் கூறப்படும். இவற்றின் முக்கியத்துவத்தை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் இந்நோக்கிலே ஒரு குறைபாடு உண்டு. அச்சியந்திரம் எவர் கையில் இருந்ததோ அவரது சிந்தனையே ஒரு காலத்தின் சிந்தனை எனக் கொள்ளப்படும் நிலை இதனால் ஏற்படுகின்றது. அச்சகத்தை அணுக வசதியற்றோர் எழுதவில்லையா? எழுதியவற்றை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளவில்லையா? இவ்வினாக்களை யாழ்ப்பாணத்துத் தீவகத்தை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று மேலை நாடுகளில் 'ஸீன்' எனப்படும் சிற்றேடுகளைத் தாமே எழுதி, தாமே படியெடுத்து, தாமே பகிரும் முயற்சி பரவலாக உள்ளது. அதனைக் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறைகளும் பல நாடுகளில் நடைபெறுகின்றன. இது நமக்கு முற்றிலும் புதியதொரு இறக்குமதியன்று என்பதும், இதற்கு நிகரான மரபொன்று நம்மிடையே நெடுங்காலம் நிலவியது என்பதும், அம்மரபின் பலமும் பலவீனமும் ஒருங்கே உணரப்பட வேண்டும் என்பதும் எமது கருத்தாகும்.

தீவகமும் அச்சும்

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு முதலியவற்றை உள்ளடக்கிய தீவகம் கல்வியிற் பின்தங்கிய பிரதேசமன்று. தமிழாராய்ச்சியை உலகளாவிய நிலைக்குக் கொண்டு சென்ற தனிநாயகம் அடிகளார் 1913இல் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தவர். 1952இல் அவர் தொடங்கிய ஆங்கில ஆய்விதழும், 1964இல் புதுதில்லியில் உருவான அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றமும் தமிழியலின் போக்கையே மாற்றின. சிந்தனையாளர் மு. தளையசிங்கம், கவிஞர்கள் மு. பொன்னம்பலம், சு. வில்வரத்தினம் ஆகியோர் புங்குடுதீவைச் சேர்ந்தவர்கள்.

எனினும், எழுத்தறிவு ஓங்கிய இப்பிரதேசத்தில் அச்சுத்தொழில் வேரூன்றவில்லை. அதற்கான காரணங்கள் பொருளாதாரம் சார்ந்தவை. விவசாயத்துக்கேற்ற நிலமும் நன்னீரும் அருகிய தீவுகளிலிருந்து ஆடவர் பலர் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் சென்று கடை நடத்தினர். கடைச் சிற்றூழியராகவும் இருந்தனர். உழைத்த பணம் ஊருக்கு வந்தது, முதலீடு வரவில்லை. எனவே ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட வேண்டுமாயினும் யாழ்ப்பாண நகருக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியிருந்தது. நெடுந்தீவாரும் நயினாதீவாரும் குறிகட்டுவான் இறங்குதுறை வரை கடல் கடந்து, பின்னர் தரைவழியே நகரை அடைய வேண்டும். எழுதியதை அச்சேற்றுவதும், அச்சேறியதை ஊருக்குக் கொண்டு வருவதும் படகையும் கடலின் நிலையையும் பொறுத்தனவாயின.

கையெழுத்துச் சஞ்சிகை

இத்தகைய சூழலில் எழுதும் ஆர்வமுடையோருக்குக் கைகொடுத்தது கையெழுத்துச் சஞ்சிகையாகும். பாடசாலை மாணவர் மன்றங்கள், வாசிகசாலைகள், சனசமூக நிலையங்கள் ஆகியன இதன் விளைநிலங்கள். குடாநாடு முழுவதற்கும் பொதுவான இவ்வழக்கத்திலிருந்து தீவகம் விலகி நின்றதன்று.

இதன் ஆக்கமுறை எளியது. கொப்பித்தாள்களையோ வெள்ளைத்தாள்களையோ அளவாக வெட்டித் தைத்துக்கொள்வர். விடயதானம் செய்வோரிடம் கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றைப் பெற்று, கையெழுத்து அழகுடைய ஒருவர் அவற்றைப் பிரதி செய்வார். சித்திரம் வரைய வல்லவர் அட்டைப்படம் தீட்டுவார். ஒரு பிரதி, மிஞ்சினால் இரண்டு மூன்று பிரதிகள், அவ்வளவே. அப்பிரதி வாசிகசாலை மேசையிற் கிடக்கும். அல்லது வீடு வீடாகக் கைமாறும். இறுதிப் பக்கங்கள் வெறுமையாக விடப்பட, வாசித்தோர் தத்தம் அபிப்பிராயத்தை அவற்றில் எழுதுவதும் உண்டு. எழுத்தாளன், பதிப்பாளன், வாசகன் என்னும் வேறுபாடு இங்கு மிக மெல்லியது. இன்றைய வாசகன் நாளைய இதழில் எழுதுபவனாகின்றான்.

இம்முயற்சிகளைச் சிறுபிள்ளை விளையாட்டு எனத் தள்ளிவிடுவதற்கில்லை. ஈழத்து நவீன இலக்கியத்திற் குறிப்பிடத்தக்க இடம் பெறும் 'மறுமலர்ச்சி' இதற்குத் தக்க சான்றாகும். 1943இல் யாழ்ப்பாணத்தில் உருவான மறுமலர்ச்சிச் சங்கத்தினர் முதலிற் கையெழுத்துப் பத்திரிகையாகவே அதனை நடத்தினர். வரதர், அ. செ. முருகானந்தன் முதலியோரின் முயற்சியால் 1946இல் அது அச்சு வடிவம் பெற்று 1948 வரை வெளிவந்தது. அச்சில் வந்த இதழ்களே இன்று ஆராயப்படுகின்றன. ஆனால் ஒரு குழுவினர் கூடி எழுதவும், ஒருவர் எழுத்தை ஒருவர் திருத்தவும் பழகிய பயிற்சிக்களம் அதற்கு முந்திய கையெழுத்துப் பிரதியே என்பதை மறத்தலாகாது.

கல்வெட்டு என்னும் வெளியீடு

தீவகத்தார் அச்சகத்தை நாடிய பிறிதொரு சந்தர்ப்பம் மரணமாகும். இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் உறவினர் வெளியிடும் சிறுநூலை யாழ்ப்பாணத்தார் 'கல்வெட்டு' என்பர். திதி நிர்ணய வெண்பா, இரங்கற்பா, குடும்ப வரலாறு, தேவார திருவாசகங்கள் என்பன அதில் இடம்பெறும். விற்பனைக்கு அன்று, அந்தியேட்டிக்கு வந்தோருக்கு இலவசமாக வழங்கப்படும். நூற்கடையின் தயவு இதற்கு வேண்டியதில்லை. ஓர் ஊரின் குடிவழி, தொழில், புலப்பெயர்வு, திருமண உறவுகள் என்பனவற்றை ஆராய்வோருக்கு இச்சிறுநூல்கள் பெறுமதி மிக்க மூலங்களாகும். உள்ளூர்ப் புலவர் பலருடைய செய்யுள்கள் இவற்றிலே மாத்திரம் எஞ்சியுள்ளன.

ஆயினும் இதன் வர்க்க இயல்பையும் நாம் கருத்திற் கொள்ள வேண்டும். கல்வெட்டு அச்சிடப் பணம் வேண்டும். காணியும் கடையும் உடைய குடும்பத்தின் மூதாதையர் அச்சில் நிலைபெற்றனர். கடற்றொழிலாளியும், சீவற்றொழிலாளியும், பிறர் வளவிற் கூலிக்கு உழைத்த பெண்ணும் அவ்வாறு நிலைபெற்றமை அரிது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கிச் சென்ற குமுதினிப் படகில் முப்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் அந்நாளில் அவர்தம் பெயர்கள் வாசிக்கப்படலாம். அவர்களது வாழ்க்கை எங்கே எழுதப்பட்டுள்ளது என்பது வேறு வினா. அச்சுக்குரிய பணமே நினைவின் அளவுகோலாக அமையுமிடத்து, எளியோர் வரலாறு அவர்களுடனேயே மறைந்துவிடுகின்றது.

ரோணியோவும் சிறு சஞ்சிகையும்

கையெழுத்துக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட சாதனமாக விளங்கியது ரோணியோ எனப்பட்ட படிப்பெருக்கிப் பொறியாகும். மெழுகு பூசிய தாளில் தட்டச்சு எழுத்து மெழுகை வெட்டும். சுழலும் உருளையிலிருந்து மை அவ்வெட்டின் வழியாகக் கசிந்து தாளிற் பதியும். ஒரு மெழுகுத் தாளிலிருந்து சில நூறு பிரதிகள் எடுக்கலாம். சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்து இதற்கு வழி திறந்தார். எனினும் அப்பொறி எல்லோருக்கும் எட்டியதன்று. அது கிடையாதவர்கள் மெழுகுத் தாளில் இரும்பு முனையாற் கையாலேயே எழுதினர். ஏட்டிலிருந்து விடுபட்ட எழுத்தாணி ஒருவகையில் மீண்டும் கைக்கு வந்தது எனலாம். தொழிற்சங்கச் சுற்றறிக்கைகள், இயக்கப் பிரசுரங்கள், மாணவர் வெளியீடுகள் எனப் பல இவ்வாறு பரவின.

1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமை உள்ளூர் இதழ்களுக்கு ஊக்கமளித்தது. அதற்கு முன்னரே, 1966இல், டொமினிக் ஜீவா யாழ் நகரிற் 'மல்லிகை'யைத் தொடங்கியிருந்தார். சாதியொடுக்குமுறைக்கு ஆளான சமூகத்திற் பிறந்து, சிகை அலங்கரிப்புத் தொழிலகத்திலிருந்து இலக்கியத்துக்கு வந்த அவர், சஞ்சிகையைத் தாமே தோளிற் சுமந்து வீதிவீதியாக விற்றார். நானூறு இதழ்கள் வரை வெளிவந்த 'மல்லிகை' ஓர் இதழ் மட்டுமன்று. வெளியீட்டுரிமை எவருக்குரியது என்னும் வினாவுக்கான விடையுமாகும்.

தீவகத்திலே இவ்வினாவை வேறொரு தளத்தில் எழுப்பியவர் தளையசிங்கம். 'புதுயுகம் பிறக்கிறது' (1965), 'போர்ப்பறை' (1970) ஆகிய நூல்களின் ஆசிரியரான அவர், 1971இற் புங்குடுதீவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக நடந்த போராட்டத்தில் முன்னின்று பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார்; 1973இற் காலமானார். அவருடைய மெய்யியல் நிலைப்பாட்டுடன் உடன்படாதோரும், எழுத்தையும் செயலையும் அவர் பிரித்து நோக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வர். கிணற்றை எவர் அணுகலாம் என்பதும், எழுத்துச் சாதனத்தை எவர் அணுகலாம் என்பதும் ஒரே சமூக அமைப்பின் இரு வினாக்களே.

உலக அனுபவம்

பிற நாடுகளின் அனுபவமும் இத்தகையதே. 1930இற் சிக்காகோவில் அறிவியற் புனைகதை வாசகர் சிலர் தமக்குள் படியெடுத்துப் பரிமாறிய மடலே இவ்வகை இதழ்களின் முன்னோடி என்பர். 'ரசிகர் இதழ்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் 1940இல் ஆக்கப்பட்டது. அதன் ஈற்றசையே 'ஸீன்' ஆயிற்று. 1970களிற் போட்டோப் பிரதிப் பொறி மலிந்தபோது இலண்டன் இளைஞரும், 1990களின் முற்பகுதியில் அமெரிக்கப் பெண்ணிய இளைஞரும் அதனைத் தமதாக்கினர். சோவியத் ஒன்றியத்தில் அரசின் அனுமதி பெறாத எழுத்துகள் தட்டச்சுப் பொறியிற் கரித்தாள் வைத்து ஒரே முறையில் நாலைந்து பிரதிகளாக எடுக்கப்பட்டன. பெற்றவர் தாமும் படியெடுத்துப் பிறருக்களித்தார். 1968இற் தொடங்கிய மனித உரிமைச் செய்தி ஏடொன்று இம்முறையிலேயே 1980களின் முற்பகுதி வரை நிலைத்தது.

இவ்வொப்பீட்டிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. கரித்தாட் பிரதி பெருகியது. எனவே ஒரு வீட்டைச் சோதனையிட்டு அதனை அழிக்க இயலவில்லை. நமது கையெழுத்துச் சஞ்சிகை பெருகவில்லை. ஒரு பிரதியுடன் நின்றது.

இழப்பு

அதன் விளைவு பாரதூரமானது. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை உலகம் அறியும். ஆனால் 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளால் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு மக்கள் வீடுகளை விட்டுப் பெருமளவில் வெளியேறியபோது, அலுமாரிகளிலும் வாசிகசாலைகளிலும் கைவிடப்பட்ட தாள்களுக்குக் கணக்கில்லை. அச்சு நூலுக்கு வேறோரிடத்திற் பிரதி இருக்கக்கூடும். கையெழுத்துச் சஞ்சிகைக்கு அந்த வாய்ப்பில்லை. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் அச்சிட்ட நூல்களின் பிரதிகளையே அரசிடம் ஒப்படைக்கக் கோரியது. கையால் எழுதியதும் ஊரிற் படியெடுத்ததும் எந்த அரச சுவடிக் கூடத்தையும் சென்றடைய வழியிருக்கவில்லை.

குடாநாட்டில் எஞ்சியோர் 1990 முதல் 1995 வரை பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தனர். மின்சாரமும் அச்சுத்தாளும் இல்லாத அக்காலத்திற் பாடசாலைக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் நாளிதழ் அச்சாயிற்று. சிம்னி விளக்கொளியில் அது வாசிக்கப்பட்டது. கிடைத்ததைக் கொண்டு வெளியிடும் ஆற்றல் இம்மக்களுக்குப் புதிதன்று.

செய்ய வேண்டியவை

இன்று ஒரு தாளும் கத்தரிக்கோலும் போட்டோப் பிரதிக் கடையுமே ஓர் இதழுக்குப் போதுமானவை. ஒரு தாளை எட்டுப் பகுதிகளாக மடித்து, நடுமடிப்பில் இடைப்பட்ட இரு பகுதிகளின் நீளத்துக்கு மாத்திரம் வெட்டி, மீண்டும் மடித்தால் தைக்காமலும் ஒட்டாமலும் எட்டுப் பக்கச் சிற்றேடு கிடைக்கும். எல்லாப் பக்கங்களும் தாளின் ஒரே பக்கத்தில் அமைவதால் ஒரு பிரதிக்கு ஒரு படியெடுப்பே செலவு. பாடசாலையிலோ சனசமூக நிலையத்திலோ ஒரு பிற்பகலில் இதனைக் கற்பிக்கலாம்.

இத்தகைய பட்டறைகள் தீவகத்தில் நடைபெற வேண்டும் என வற்புறுத்துகின்றோம். ஆனால் அவை பொழுதுபோக்குக் கைவேலையாகச் சுருங்கிவிடக் கூடாது. மூன்று நிபந்தனைகளை முன்வைக்க விரும்புகின்றோம். முதலாவது, எழுதுவோர் எவர் என்பதிற் கவனம் வேண்டும். 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' பெண் கவிஞரின் குரலை ஒருங்கே கேட்கச் செய்தது போல, இதுவரை எழுதாத கடற்றொழிலாளர், மூதாட்டியர், ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் ஆகியோரின் கையே இங்கு முதலில் எழுத வேண்டும். எழுதப் பழகாதோர் சொல்ல, மாணவர் எழுதலாம். இரண்டாவது, ஒரு பிரதியோடு எந்த இதழும் நிற்கலாகாது. மூன்றாவது, ஒரு பிரதி பிரதேச நூலகத்திலும், ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்திலும் சேர வேண்டும். 2005இல் தன்னார்வலர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் கல்வெட்டுகளையும் ஊர் மலர்களையும் சிறு சஞ்சிகைகளையும் தேடிச் சேர்த்து வருகின்றது. அங்கு மின்படி ஒன்று சேருமாயின் கடலும் தீயும் அதனை அணுகா.

கொழும்பிலும் தொரொன்றோவிலும் இலண்டனிலும் வாழும் தீவகத்தார் தம் பெட்டிகளில் எஞ்சியுள்ள பழைய கையெழுத்துப் பிரதிகளை வெளிக்கொணர்வார்களாயின் நமது இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியைத் திருத்தி எழுத வேண்டிவரும். ஆய்வாளரின் கடமை எழுந்த நூல்களை மதிப்பிடுவதோடு முடிவதன்று. எழுதப்படாது போனவை ஏன் எழுதப்படவில்லை என ஆராய்வதும், இனியேனும் அவை எழுதப்படுவதற்கு வழிசெய்வதும் அக்கடமையின் பாற்பட்டனவே.